இரண்டாவது கையெழுத்து

உ
சிவமயம்

பாளையங்கோட்டை
12-2-1995

அன்புள்ள அக்கா ஞானம்பாளுக்கு,

தம்பி நடராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் விஜயஸ்ரீயும் இங்கே சுகம். ஹாலந்துக் குளிர் உன்னையும் அத்தானையும் என்ன பாடு படுத்துகிறது? ஹேக்கில் தை மாதமும் ஆனி மாதமும் ஒன்றுதான் என்று எழுதியிருந்தாய். இங்கே இப்போதே மத்தியானத்தில் முருகன்குறிச்சி ரோட்டில் குடையில்லாமல் நடக்க முடியவில்லை.

ஒரு நல்ல செய்தி. கங்கைகொண்டான் கம்பெனியில் என்னை டெக்னிக்கல் மேனேஜர் ஆக்கிவிட்டார்கள். நாற்காலிக்குக் கை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், மற்றபடி வேலை அதேதான். விஜயஸ்ரீயின் தாய்மாமா முதலாளி என்பதால் கிடைத்தது என்று ஊரில் நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும். அந்தத் தொழிற்சாலையில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன் நான் ஒருத்தன்தான். என் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளை சேர்ந்த அன்றே வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார் சம்பந்தம் மாமா. அவ்வளவு மரியாதை.

நவம்பரிலிருந்து எங்கள் சரக்கு துபாய்க்குப் போகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு சான்றுத் தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும். முதல் வரியில் மாமா, இரண்டாவது வரியில் நான். அப்பாவின் வேலை எனக்கு வந்து சேர்ந்துவிட்டது பார்த்தாயா? ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் யார் கூப்பிட்டாலும் போய்ப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாரே, 'சாட்சிப் பிள்ளை' என்று பேரே வைத்துவிட்டார்களே. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் வாசித்ததில்லை. "எழுதிக் குடுத்தவன் கையெழுத்துப் போட்டத நான் கண்ணால பாத்தேன், சாட்சின்னா அம்புட்டுதான்" என்பார். நானும் அவரைப் போலவே தமிழில்தான் சுழித்துப் போடுகிறேன். இதுவரை மூன்று ஆகியிருக்கிறது.

அத்தானுக்கு அங்கே என்னதான் வேலை? விஷவாயு என்று ஏதோ சொன்னார், கல்யாண வீட்டுச் சத்தத்தில் காதில் விழவில்லை. விவரமாக எழுது.

உன் கையெழுத்தைப் பார்க்கக் காத்திருக்கும்,
நடராஜ்


தி ஹேக்
3-3-1995

அன்புத் தம்பி நடராஜுக்கும் விஜயஸ்ரீக்கும் ஆசிகள்.

நாங்கள் நலம். இருமல் மட்டும் வந்து போய்க்கொண்டிருக்கிறது. நீ மேனேஜர் ஆனதில் எனக்கு ரொம்ப சந்தோஷம், நாற்காலியில் கை வைத்து உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அத்தானின் வேலையைக் கேட்டாய். நூற்றைம்பதுக்கும் மேலான நாடுகள் சேர்ந்து, விஷவாயு ஆயுதம் செய்ய மாட்டோம், வைத்திருக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வரும்போது யார் எந்த ரசாயனத்தைச் செய்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள் என்று கணக்குக் கேட்க ஆட்கள் வேண்டும். அதற்கு இப்போதே ஆயத்தம் செய்கிறார்கள். கலியாணமான நாளிலிருந்து நான் செய்கிற வேலைதான், எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்பது. அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று இங்கே வந்துதான் தெரிந்தது.

அத்தான் ஒன்று சொன்னார், எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. இந்தக் காரியம் செய்கிறவர்கள் ஆயுதத்தைக் கடையில் வாங்குவதில்லையாம். பூச்சிமருந்துக்கும் சாயத்துக்கும் மாத்திரைக்கும் வாங்குகிற சாதாரண ரசாயனத்தைத்தான் வாங்குவார்களாம். ஒரு நாட்டையாவது கூப்பிட்டு வைத்துக் கேட்கலாம், பேர் தெரியாத ஒரு கும்பல் ஒரு போர்டை மாட்டிக்கொண்டு வாங்கினால் யாரைப் போய்க் கேட்பது என்கிறார்.

சாப்பிடும்போது, நடராஜ் கம்பெனியில் என்ன ரசாயனம் செய்கிறார்கள் என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? பேரை எழுது, சொல்லிவிடுகிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள். அந்தக் கம்பெனியில் மூக்கில் துணி கட்டாமல் நடமாடாதே.

உன் அக்கா,
ஞானம்பாள்


பாளையங்கோட்டை
27-3-1995

அன்புள்ள அக்காவுக்கு,

நடராஜின் வணக்கம். உன் இருமல் நின்றதா? தாளிசபத்திரி சூரணம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் இதைக் கேள். விஜயஸ்ரீக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. டாக்டரம்மா பார்த்து உறுதியாகச் சொல்லிவிட்டார். கார்த்திகை பிறக்கையில் நீ அத்தை ஆகிவிடுவாய். அவளுக்கு சோற்று மணமே ஆகவில்லை, ரசத்தையும் அப்பளத்தையும் வைத்தே நாட்களை ஓட்டுகிறாள். சம்பந்தம் மாமா ஒரு கூடை மாதுளம்பழம் அனுப்பினார். அவருக்குப் பிள்ளை இல்லையல்லவா, விஜயஸ்ரீயும் அவள் அம்மாவும் அவர் வீட்டில் வளர்ந்தவர்கள், தன் பேரன் வருகிற மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

தொழிற்சாலைக்குப் பின்னால் காட்டுக்குள்ளிருந்து மான்கள் வரும். இப்போது வேலிப் பக்கம் வருவதில்லை. வெயிலால் இருக்கும் என்று வாட்ச்மேன் சங்கிலிபூதத்தான் சொல்கிறார். ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது. குறுக்குத்துறையில் மண்டபத்தைச் சுற்றி மணலாகக் கிடக்கிறது.

டோக்கியோவில் பாதாள ரயிலுக்குள் யாரோ விஷவாயுவை விட்டுவிட்டார்களாம். பேப்பரில் படம் போட்டிருந்தான், நடைபாதை முழுக்க மனிதர்கள் படுத்துக் கிடக்கிறார்கள். டீக்கடையில் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். அத்தானுக்கு வேலை கூடியிருக்கும்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். அத்தானுக்கு என் நமஸ்காரம்.

பிரியமுள்ள,
நடராஜ்


தி ஹேக்
16-4-1995

அன்புத் தம்பிக்கு,

சித்திரை பிறந்திருக்கிறது. உனக்கும் விஜயஸ்ரீக்கும் வயிற்றிலிருக்கிற பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். நீ எழுதியதைப் படித்ததும் தனியாக நின்று அழுதேன், அப்பா இருந்திருக்கலாம் என்று தோன்றியது. விஜயஸ்ரீயைப் படியேற விடாதே.

டோக்கியோ செய்தி வந்த நாளிலிருந்து அத்தான் வீட்டில் மனிதராக இல்லை. மூன்று நாள் அலுவலகத்திலேயே இருந்தார். ஒரு ராணுவம் இல்லை, ஒரு நாடு இல்லை, சாமி பேரைச் சொல்லிச் சேர்ந்த ஒரு கூட்டம், கம்பெனிகளைத் தொடங்கி, பில் போட்டு, முறையாக வாங்கிக் குவித்திருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். விற்றவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லையாம். கேட்காமல் விற்றவர்களாம்.

மான் வரவில்லை, மாதுளம்பழம் வந்தது என்று இரண்டு பக்கம் எழுதினாய். ரசாயனத்தின் பேரை எழுதவில்லை. மறந்துவிட்டான் போல என்று அத்தானிடம் சொல்லிவைத்தேன். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான், நீ மறந்தாயா மறைத்தாயா என்று எனக்குத் தெரியாதா? அத்தான் மறுபடி கேட்கவில்லை. இப்போது கேட்பது நான்.

போனில் சொல்லலாம் என்று நினைக்காதே. பூத்தில் பத்துப் பேர் காது வைத்துக்கொண்டு நிற்பார்கள். எழுது.

அக்கா


பாளையங்கோட்டை
22-6-1995

அக்கா,

இரண்டு மாதமாக எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நாலு தடவை எழுதினேன், நாலையும் கிழித்தேன். விஜயஸ்ரீ நன்றாக இருக்கிறாள். மசக்கை நின்றுவிட்டது.

நாங்கள் செய்வது தயோனைல் குளோரைடு. பூச்சிமருந்துக்குப் போகிறது, மாத்திரைக்கும் போகிறது. உலகம் முழுவதும் விற்கிற சரக்கு. ஆனால் உன் கடிதம் வந்த மறுநாள் காலேஜ் லைப்ரரிக்குப் போய் அத்தானுடைய ஒப்பந்தத்தின் பட்டியலைத் தேடிப் பிடித்தேன். அதில் இருக்கிறது. நம் அரசாங்கமும் இதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அதற்காகத்தான் அந்தச் சான்றுத் தாள்.

அந்தத் தாளில் இரண்டாவது வரியில் நான் போட்டது சாட்சிக் கையெழுத்து இல்லை அக்கா. வாங்குகிறவரின் தொழிற்சாலையை நான் நேரில் அறிவேன், இந்தச் சரக்கு அங்கே பூச்சிமருந்துக்கு மட்டுமே பயன்படும், வேறு யாருக்கும் கைமாறாது, இதற்கு ரசாயனம் படித்தவன் என்ற முறையில் நானே பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கிறது. மாமா முதலில் போட்டார், நான் படிக்காமல் கீழே போட்டேன். மேலே போட்டவர் கொடுப்பவர், கீழே போட்டவன் சாட்சி என்று எனக்குப் பட்டது. நம் வீட்டில் அப்படித்தானே பார்த்து வளர்ந்தேன். இதுவரை ஏழு தாள், ஏழு சரக்கு.

மேலப்பாளையம் பீர் மைதீன் என்னோடு படித்தவன், துபாயில் கடை மேனேஜராக இருக்கிறான். வாங்குகிறவரின் முகவரியைக் கொடுத்துப் பார்த்துவரச் சொன்னேன். போன வாரம் லீவில் வந்தவன் நேராக வீட்டுக்கு வந்தான். "அங்கன தொழிற்சாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாடியில ஒரு கதவு, அதுல ஒரு பூட்டு. போர்டு மட்டும் புதுசா இருக்கு. பக்கத்துக் கடைக்காரன் யாரையும் பாத்ததே இல்லங்கான்" என்றான். அவனுக்குக் காப்பி கொடுக்கக்கூட மறந்துவிட்டேன்.

அத்தானிடம் சொல்லாதே. விஜயஸ்ரீக்கும் தெரியாது. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

நடராஜ்


தி ஹேக்
9-7-1995

தம்பி நடராஜுக்கு,

விஜயஸ்ரீக்கு இது ஐந்தாவது மாதம், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாளா என்று பார். நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அடுப்பு வரை கொண்டுபோனேன், கை வரவில்லை. பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்கு முதல் தடவையாகச் சாவி போட்டேன்.

உனக்கு என்ன தெரியும் என் நிலைமை? அத்தான் சாப்பிட உட்கார்ந்தால் நடராஜ் கடிதம் வந்ததா என்று கேட்கிறார். வந்தது, சுகம் என்கிறேன். இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். நெருங்கிய சொந்தத்தில் யாராவது இந்தச் சரக்கைச் செய்கிறார்களா, ஏற்றுமதி செய்கிறார்களா என்று அதில் கேள்வி. செப்டம்பர் கடைசிக்குள் எழுத வேண்டுமாம். நான் சொன்னால் நீ ஜெயிலுக்குப் போவாய். சொல்லாவிட்டால் அவர் பொய் எழுதியவர் ஆவார். தம்பியா புருஷனா என்று என்னை நடுவில் நிறுத்திவிட்டுக் கிழித்துவிடு என்று எழுதுகிறாயே, உனக்கு மனசு கல்லா?

நீயே அத்தானுக்கு எழுது. என் வாயால் வர வைக்காதே. அந்த வேலையை விட்டுவிடு. எட்டாவது தாளில் கை வைக்காதே.

ஏழு சரக்கு போன இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தால் இங்கே ட்ராமில் ஏறக் கால் வரவில்லை. பக்கத்தில் ஒரு பெண் தன் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தால் நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறேன்.

ஞானம்பாள்


பாளையங்கோட்டை
4-8-1995

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விஜயஸ்ரீ மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். நேற்று பிள்ளை அசைந்ததாம், என் கையை எடுத்து வைத்துக் காட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரிந்ததாகச் சொன்னேன்.

ராஜினாமாக் கடிதத்தோடு சம்பந்தம் மாமாவைப் போய்ப் பார்த்தேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. மேசைமேல் வைத்து அதன்மேல் காப்பி டம்ளரை வைத்தார். துபாய் முகவரியைப் பற்றிச் சொன்னேன். துபாய் ஆர்டரைப் பிடித்துக் கொடுத்த தரகர் பார்த்துக்கொள்வார் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மாப்ளே, நான் எட்டாங் கிளாஸு. நீரு எம்மெஸ்ஸி. ஏதாவது ஒண்ணுன்னா கோர்ட்டுல யாரக் கேப்பான்? எங்கையெழுத்து வெறுங் கோடு, உம்ம கையெழுத்துதாம்வே செல்லும். அதப் போட்டவரு இப்பம் வெளிய போனா ஓடுதான்னுதான் சொல்லுவானுவ. பைய யோசிச்சுச் சொல்லும்." சத்தம் போடவில்லை, முகத்தில் கோபமும் இல்லை. என் சர்ட்டிபிகேட்டுகளைப் பற்றிக் கேட்டேன். பத்திரமாக இருக்கின்றன என்றார். பிள்ளைத்தாய்ச்சியை வீட்டில் வைத்துக்கொண்டு இப்படியெல்லாம் பேசலாமா என்றும் கேட்டார்.

அப்புறம் எட்டாவது தாளை எடுத்து வைத்தார். போட்டுவிட்டேன் அக்கா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படிக்காமல் போட்டேன் என்று போன கடிதத்தில் எழுதியது முழு உண்மை இல்லை. மூன்று தாள்தான் படிக்காமல் போட்டேன். நாலாவதன்போது மாமா போனில் பேசிக்கொண்டிருந்தார், சும்மா இருக்கிறோமே என்று முழுவதும் படித்தேன். டோக்கியோவுக்கு ஒரு வாரம் முன்னால். படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்திருக்கலாம். கேட்டால் என்ன நினைப்பாரோ என்று கூச்சமாக இருந்தது. கலியாணம் முடித்துவைத்த மனிதரிடம், நீங்கள் யாருக்கு விற்கிறீர்கள் என்று எப்படிக் கேட்பது? அந்தக் கூச்சத்தில்தான் நாலு, ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் போயின. எட்டாவதையும் மற்ற ஏழைப் போலவே சுழித்துப் போட்டேன். அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

நடராஜ்


தி ஹேக்
22-8-1995

அன்புள்ள தம்பி நடராஜுக்கும் விஜயஸ்ரீக்கும்,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலத்தைத் தெரியப்படுத்தவும். இங்கே இப்போது கொஞ்சம் வெயில் அடிக்கிறது. மல்லித்தழை கிடைக்கிறது, கறிவேப்பிலை கிடைப்பதில்லை. உன் கடிதம் வந்தது, எல்லாரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. வளைகாப்புக்கு என்னால் வர முடியாது, என் பேரில் ஒரு ஜோடி வளையல் போடச் சொல். அத்தான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவரும் இரண்டு வரி எழுத வேண்டும் என்கிறார்.

ஞானம்பாள்

அன்புள்ள நடராஜ்,

நலம்தானே? விஜயஸ்ரீயை விசாரித்ததாகச் சொல். உன் கம்பெனியைப் பற்றி ஞானத்திடம் கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாள். அதனால் நேராகவே கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீங்கள் எதையாவது வெளிநாட்டுக்கு அனுப்புகிறீர்களா? அப்படியானால் என்ன சரக்கு? அடுத்த மாதக் கடைசிக்குள் நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நீ ஒரு வரி எழுதினால் போதும், உன் சொல்லை வைத்துக்கொண்டு நிரப்பிவிடுவேன். இருக்கிறது என்று எழுதினாலும் அதனால் உன்மேல் எனக்கு ஒன்றும் வராது. சேர்ந்து என்ன செய்யலாம் என்று பார்க்கலாம்.

அன்புடன்,
சிவசங்கரன்


பாளையங்கோட்டை
14-9-1995

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

நடராஜ் பணிவான வணக்கம். தங்கள் கடிதம் கண்டு மிகுந்த மகிழ்ச்சி. தங்கள் உடல்நலத்தையும் அக்காவின் இருமலையும் பற்றி எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஊரில் கலவரத்தால் இரண்டு வாரமாகப் பஸ் சரியாக ஓடவில்லை, அதனால் பதில் தாமதம். மன்னிக்க வேண்டும்.

விஜயஸ்ரீக்கு வளைகாப்பு சம்பந்தம் மாமா வீட்டில் நல்லபடியாக முடிந்தது. அறுநூறு பேருக்குச் சாப்பாடு. மாமாவே நின்று பரிமாறினார். விஜயஸ்ரீ இப்போது அங்கேதான் இருக்கிறாள், பிரசவமும் அங்கேதான்.

தாங்கள் கேட்ட விஷயம். எங்கள் கம்பெனியில் கழுவுவதற்கும் துடைப்பதற்கும் ஆன அமிலங்கள்தான் தயாரிக்கிறோம். சரக்கு மதுரையையும் சிவகாசியையும் தாண்டிப் போவதில்லை. ஏற்றுமதி எதுவும் கிடையாது. நான் உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறேனே தவிர எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை. தாங்கள் தைரியமாகப் படிவத்தை நிரப்பலாம்.

அக்காவுக்கு என் அன்பைத் தெரிவிக்கவும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
நடராஜ்


தி ஹேக்
11-10-1995

நடராஜ்,

விஜயஸ்ரீ நன்றாக இருக்க வேண்டும். அதை முதலில் எழுதிவிடுகிறேன், இனி வருவதில் அதற்கு இடம் இல்லை.

நீ அத்தானுக்கு எழுதிய கடிதம் செப்டம்பர் இருபத்தாறாம் தேதி வந்தது. படித்துவிட்டு எழுந்து நின்றார். "ஏதோ சந்தேகப்பட்டுட்டேன், பாவம் பையன்" என்று சொல்லி எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தார். அன்றைக்கே படிவத்தை எடுத்தார். சொந்தத்தில் அப்படி யாரும் இல்லை என்று எழுதினார். நான் காப்பியோடு பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டம்ளரை மேசையில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். நான் திரும்பி வரும்போது கையெழுத்துப் போட்டு உறையில் வைத்திருந்தார்.

ஐந்தாம் தேதி ராட்டர்டாம் துறைமுகத்தில் டிரம்களைப் பிடித்தார்கள். துபாயிலிருந்து பேர் மாறி, லேபிள் மாறி, இன்னொரு நாட்டுக்குப் போகிற வழியில். கூட வந்த சான்றுத் தாளின் தலைப்பில் உங்கள் கம்பெனிப் பேரை மறைத்து நகல் எடுத்து ஒட்டியிருந்தார்களாம். அடியில் இருந்த இரண்டு கையெழுத்தில் ஒன்று வெறும் கோடு. இன்னொன்றைக் கிறுக்கல் என்று நினைத்து மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். துறைமுகத்தில் ஒருவருக்கு அது ஏதோ ஒரு மொழி எழுத்து என்று தோன்றியிருக்கிறது. இந்தியாக்காரர் ஒருவர் இருக்கிறாரே என்று அத்தானைக் கூப்பிட்டு நீட்டினார்கள். அத்தான் வாசித்தார்.

யாருக்கும் தெரியாது, வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு எழுத்தாக இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து, இது என் மனைவியின் தம்பி என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஒன்பது நாளைக்கு முன்னால் எழுதிய படிவத்தில் சொந்தம் யாரும் இல்லை என்று எழுதியவர் அதை எப்படிச் சொன்னாரோ. இப்போது விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

உனக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். பெட்டியைத் திறந்து உன் ஜூன் மாதக் கடிதத்தையும் ஆகஸ்ட் மாதக் கடிதத்தையும் எடுத்துக் கொடுத்தேன். படித்து, இருந்த மடிப்பிலேயே மடித்தார். "என்னையும் சாட்சிப் பிள்ளை ஆக்கிட்டியளே, ரெண்டு பேருமா" என்றார். அவ்வளவுதான். திட்டினால் தேவலை.

இதை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். இனி அவருக்குத் தெரியாமல் உனக்கு ஒரு வரி கிடையாது. அத்தான் அலுவலகத்திலிருந்து போகிற கடிதம் டெல்லி வழியாக உன்னிடம் வரும். அது வரும்வரை உட்கார்ந்திருக்காதே. எட்டுத் தாளின் நகலையும் எடுத்துக்கொண்டு தூத்துக்குடி சுங்க அலுவலகத்துக்கு நீயே போ. ஓடிப் போனால் எனக்குத் தம்பி இல்லை.

ஞானம்பாள்


பாளையங்கோட்டை
26-11-1995

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

பதினாலாம் தேதி பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம்.

உன் கடிதம் வந்த அன்று மாமா வீட்டுக்குப் போய் விஜயஸ்ரீயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். எந்த ஊருக்கு அனுப்பினீர்கள் என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். எழுந்து தன் துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். சம்பந்தம் மாமா வாசலுக்கு வந்து, நிறை மாதத்தில் எங்கே கிளம்புகிறாய் என்று மறித்தார். "மாமா, நீங்க போட்ட சோத்துலதான் வளந்தேன். அதுக்காவ இவுஹளயும் இந்தப் பிள்ளயயும் ஒங்களுக்கு எழுதிக் குடுக்க முடியாது" என்றாள். அவள் அம்மா உள்ளேயே நின்றுவிட்டார்கள், எங்களோடு வரவில்லை. பிரசவத்துக்கும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பீர் மைதீனின் அம்மா ஆசியா உம்மாள்தான் கூட இருந்து எல்லாம் பார்த்தார்கள்.

மறுநாள் தூத்துக்குடி போனேன். நகல்கள் என்னிடம் ஐந்துதான் இருந்தன, மற்றவற்றை அவர்களே வந்து பீரோவிலிருந்து எடுத்தார்கள். என் சர்ட்டிபிகேட்டுகளும் அதில் இருந்தன. இப்போது மாமாவின் பீரோவிலிருந்து அரசாங்கத்தின் பீரோவுக்குப் போயிருக்கின்றன. தொழிற்சாலைக்குச் சீல் வைத்தாகிவிட்டது. மாமா ரிமாண்டில் இருக்கிறார். நானாக வந்து சொன்னதால் எனக்கு ஜாமீன். பாளையங்கோட்டையை விட்டு வெளியே போகக் கூடாது. கேஸ் எப்போது முடியும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை.

அத்தானிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீங்கள் கையை நீட்டினீர்கள் அத்தான். ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். வளைகாப்புப் பந்தலைப் பிரிப்பதற்கு முன்னால் அதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் அலுவலகத்தில் நான் எழுதிய பொய்க் கடிதத்தைக் காட்டுங்கள். குற்றம் என்னுடையது என்று தனியாகவும் ஒரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமைதோறும் இங்கே ஒரு அதிகாரி முன்னால் ஆஜராக வேண்டும். மரியாதையாகத்தான் நடத்துகிறார், உட்காரச் சொல்கிறார். ராட்டர்டாமில் பிடித்தது எட்டாவது சரக்காம். மற்ற ஏழும் எங்கே என்று கேட்கிறார். துபாய்க் கதவைத் திறந்து பார்த்தார்களாம், அறை காலியாம். தரகரைக் காணவில்லை. எனக்குத் தெரியாது என்கிறேன். எழுதிக்கொள்கிறார். அடுத்த திங்கட்கிழமை அதே கேள்வியைக் கேட்கிறார். ஏழும் பூச்சிமருந்தாகவே போயிருக்கலாம் என்று வக்கீல் ஆறுதல் சொல்கிறார். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

விஜயஸ்ரீ பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது நான் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். பிரிக்க முடிவதில்லை. எந்த ஊர்ப் பேர் முதல் பக்கத்தில் இருக்குமோ என்று மடித்தபடியே வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் உள்ளிருந்து என்ன செய்தி என்று கேட்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன்.

அத்தான், உங்களை மறுபடியும் வேலைக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் அந்த ஏழையும் தேடச் சொல்லுங்கள். எங்கேயாவது கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். கெட்ட செய்தியாக இருந்தாலும் நீங்களே எழுதிவிடுங்கள், பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்ள என்னை விட்டுவிடாதீர்கள்.

நடராஜ்